திருவெள்ளறைப் பெருங்கிணறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த புண்டரீகாட்சப் பெருமாள் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் திருவெள்ளறைக்கு வரும் யாத்திரிகர்களுள் பெரும்பாலோர், சேவித்த திருப்தியோடு பஸ் ஏறிவிடுகிறார்களே தவிர, கோயிலை அடுத்துப் பூமிக்குள் இறங்கிக் கிடக்கும் பல்லவர் காலத்துக் கற்கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை.

அக்கிணற்றின் வரலாறு அதன் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தந்திவர்ம பல்லவனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில், அதாவது ஏறக்குறைய கி.பி. 800இல், அது முடிக்கப்பெற்றது. தோண்டுவித்தவன் அரசனல்லன்; ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன். தான் செய்த தர்மத்துக்குத் தன் பெயரை இடாமல், அரசனுடைய விருதுப்பெயரால் 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்று வழங்கச் செய்தான். அந்தச் சாசனத்தோடு ஒரு செய்யுளும் உண்டு: மூப்பு வந்து உடலைத் தளர்த்துவதற்கு முன்னே, இருப்பதை உண்டு, மிஞ்சியதை உலகம் அறிய அறத்தில் வையுங்கள் என்பது அதன் கருத்து. சாசனங்களில் தானக் கணக்கையும் எல்லைக் கணக்கையுமே படித்துச் சலித்த கண்களுக்கு இது ஓர் ஆறுதல்.

மேலிருந்து நோக்கினால் கிணறு சுவஸ்திக வடிவமாகத் தெரியும். நான்கு திசைகளிலிருந்தும் இறங்கும் படிக்கட்டுகள், நடுவிலுள்ள நீரை நேரே அடையாமல், ஒவ்வொன்றும் செங்கோணமாகத் திரும்பியே சேர்கின்றன. மங்களச் சின்னம் என்ற கருத்து சிற்பிக்கு இருந்திருக்கலாம். ஆயினும் கோடையில் நீர் எவ்வளவு தாழ்ந்தாலும் படியும் கூடவே தாழ்ந்து செல்வதும், நாற்புறத்திலிருந்து குடத்தோடு வருவோர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் இறங்கி ஏறுவதும் கண்கூடான பிரயோஜனங்கள்.

ஊர் ஜனங்களோ கம்பன் அரையனையும் அறியார், தந்திவர்மனையும் அறியார். அவர்களுக்கு அது 'மாமியார் மருமகள் கிணறு'. ஒரு துறையில் மாமியார் நீராட, மற்றொரு துறையில் மருமகள் நீராடினாலும், திருப்பம் மறைப்பதால் ஒருத்தி மற்றொருத்தியின் கண்ணில் படமாட்டாள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதைக் கேட்டு ஆராய்ச்சியாளர் புன்னகை செய்வது வழக்கம். பல்லவ சபையில் மாமியார் கொடுமையைப் பற்றி விசாரம் நடந்திராது என்பது மெய்தான். ஆனால் அந்தக் கட்டிட அமைப்பின் சூக்ஷ்மத்தை ஒரே வாக்கியத்தில் விளங்கவைத்த விளக்கம் இதைப்போல் வேறொன்று உண்டா? அன்றியும், கல்வெட்டில் இடம்பெற்றவர்கள் ஆடவர். நூற்றாண்டுகளாக அந்தப் படிகளில் குடம் சுமந்தவர்கள் பெண்கள். அவர்களைக் கதைதான் நினைவில் வைத்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் போசளர் காலத்தில் கிணறு பழுது பார்க்கப்பட்டது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. திருவெள்ளறைக்குச் செல்லும் அன்பர்கள், பெருமாளைச் சேவித்த பின் அரைமணி நேரம் ஒதுக்கி இதையும் கண்டு வருவார்களாக. உள்ளே காகிதமும் பாட்டிலும் எறியாமல் வருவார்களாயின் இன்னும் நன்று.