ஒதுக்கப்பட்ட ஊகமும் ஒரு குடல்நோயும்

புதுவை கோரிமேட்டிலுள்ள ஜிப்மர், பிரெஞ்சு ஆட்சி 1823-இல் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல். 1964-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கும் பிற இந்திய மருத்துவமனைகளிலும் குடல்நோய் மருத்துவர்களை அலைக்கழிக்கும் இக்கட்டு ஒன்றுண்டு. குடல் காசநோயும், கிரோன் நோய் எனும் நாட்பட்ட அழற்சியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தென்படும். காசநோயாளிக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பெருகும். கிரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்து கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தாலோ குடல் சுருங்கி அடைபடக்கூடும். குடலின் உயிரணுக்களுக்குள்ளேயே விடை தேடலாம் என்ற எண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

அது பாரிஸில் தொடங்குகிறது. புதுவையின் நிருவாகம் 1954-இல் இந்தியாவிடம் வந்து, சட்டப்படியான இணைப்பு 1962-இல் நிறைவுறுவதற்கு இடைப்பட்ட காலம் அது. ஓர் உயிரணுவில் எந்த மரபணு எப்போது இயங்கவேண்டும் என்று ஆணையிடுவது எது? பாக்டீரியாவை ஆராய்ந்த பிரான்சுவா ழாக்கோப், ழாக் மோனோ இருவரும், அது ஓர் ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்று 1961-இல் ஊகித்தனர். தாங்கள் ஆராய்ந்த அந்தக் கட்டுப்படுத்தி புரதமே என்பது 1966-இல் உறுதியாயிற்று. ஊகம் ஒதுக்கப்பட்டது. புரதத்தை உருவாக்காத மரபுப்பகுதிகள் வெறும் குப்பை என்ற எண்ணமும் பின்னர் வேரூன்றியது.

1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோரின் ஆய்வுகள், சின்னஞ்சிறு புழுவொன்றில், புரதம் எதையும் உருவாக்காமல் பிற மரபணுவை அடக்கிவைக்கும் குட்டி ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டின. அதற்கான நோபல் பரிசு 2024-இல்தான் வந்தது.

குடலுக்கு வருவோம். பெருங்குடல் புண் அழற்சியுற்ற சிறார்களின் குடல் திசுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-124 குறைந்திருப்பதை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதனை உருவாக்கும் மரபணுப் பகுதியின்மீது மீத்தைல் முத்திரைகள் மிகுந்திருந்தன. மரபெழுத்து மாறவில்லை, அதை வாசிக்கும் வழிதான் அடைபட்டது. அடக்குவாரின்றி ஸ்டாட்-3 என்னும் புரதம் பெருகி, அழற்சியை வளர்த்தது. பிறப்போடு வந்த எழுத்தைத் திருத்துவது அரிது. பின்னர் விழுந்த முத்திரையையோ நீக்க வழியுண்டு. இந்த ஆர்.என்.ஏ.வைப் பெருக்கும் மருந்தொன்றைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றே நோயாளிகளிடம் சோதித்துள்ளது.

காசநோயையும் கிரோனையும் ஐயமறப் பிரித்துக் காட்டும் ஆர்.என்.ஏ. சோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது வரும் நாளில், புதுவையின் நோயாளி ஒருவர் தவறான மருந்தோடு கழிக்கும் மாதங்கள் மிச்சமாகும்.