மூட்டு வலியும் முடங்கிய பேருந்தும்

2020 மார்ச்சில், அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்கள் அதன்பின் காட்டிய தயக்கத்தைக் ‘கொரோனா பயம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியிலிருந்து பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. அறுவைக்கு ஆத்தூர் தாண்டி சேலம் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பேருந்தே இல்லை, செப்டம்பர் 1-ல்தான் மாவட்டத்துக்குள் மீண்டும் ஓடியது. அறுவையோடு முடிகிற வேலையுமல்ல இது. வாக்கரைப் பிடித்து நடக்கும் வாரங்களில் கூடமாட ஒரு ஆள் வேண்டும், முட்டி மடக்கும் பயிற்சி வேண்டும். மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகும் வீட்டில் அந்த ஆளின் கூலியும் போகும். காப்பீட்டு அட்டை அறுவைக்கு உதவலாம், இதற்கு உதவாது.

பயமே இல்லையா என்றால், இருந்தது, நியாயமாகவே இருந்தது. அந்த மே மாதம் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்று கண்டவர்களில் 23.8 சதவீதத்தினர் 30 நாளுக்குள் இறந்திருந்தனர். திட்டமிட்ட அறுவையிலும் ஆபத்து சின்னதல்ல. ஆனால் அது தொற்றியவர்களின் கணக்கு. எல்லா நோயாளிக்கும் பொருந்தாது. தவிர, பயம் கேள்வியாக எழுவதற்கே முதலில் சேலம் போய்ச் சேரும் வழி இருந்திருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவரை எப்பாடுபட்டாவது வண்டியேற்றுவார்கள். தேய்ந்த முட்டிக்கோ, தைலமும் வலி மாத்திரையும் வீட்டிலேயே இருந்தன.