கருங்கண்ணி முதல் சுவின் வரை

பஞ்சையும் ஏட்டையும் 'பனுவல்' என்னும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. ஆயினும் நம் இலக்கிய உரையாடல்களில் ஏட்டுப் பனுவலுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பஞ்சுக்குக் கிடைத்ததில்லை. கரிசல் எழுத்தைக் கொண்டாடும் நாம், அந்தக் கரிசலில் விளைந்த பருத்தியின் பெயர் என்ன, அது ஏன் மறைந்தது என்று கேட்டுக்கொண்டதும் குறைவு. அந்தக் கேள்வியை இங்கே எழுப்பிப் பார்ப்போம்.

எந்தப் பருத்தி நல்ல பருத்தி? இதற்கு மூவர் மூன்று விதமாக விடை சொல்வர். சம்சாரிக்கு ஏக்கருக்கு எத்தனை எடை என்பதே கணக்கு. அரைவை ஆலைக்காரருக்கு, நூறு கிலோ விதைப்பருத்தியில் கொட்டை போக எத்தனை கிலோ பஞ்சு தேறும் என்பது கணக்கு. நூற்பாலைக்கோ இழையின் நீளமும் மென்மையும் வலிமையும்தான் முக்கியம். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். குட்டை இழையைக் கொண்டு ஆலை இயந்திரத்தில் அந்த நீளத்தை எட்ட முடியாது. விளைச்சல், தரம், இலாபம் ஆகிய இம்மூன்றும் ஒரே கையில் சேராமல் போனதே தமிழகப் பருத்தியின் வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது.

திருநெல்வேலி, இராமநாதபுரக் கரிசலில் வழிவழியாக விளைந்தவை உப்பம், கருங்கண்ணி என்னும் இரு நாட்டு வகைகள். இரண்டும் இருவேறு இனங்களைச் சேர்ந்தவை. ஆனால் வயலிலும் சந்தையிலும் கலந்தே கிடந்தன. ஏற்றுமதி வணிகர்கள் இவற்றைத் 'தின்னவேலி' என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து அனுப்பினர். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே காய்த்து முடிக்கும் மானாவாரிப் பயிர்கள் இவை. ஆணிவேர் ஆழமாக இறங்கும்; தத்துப்பூச்சி இவற்றை அவ்வளவாக அண்டாது. விளைச்சல் குறைவு, இழையும் நடுத்தரத்துக்குக் கீழ். ஆனால் செலவும் குறைவு. விதை வீட்டிலேயே இருந்தது.

இந்த இழை லங்காஷயர் ஆலைகளுக்குப் போதவில்லை. அமெரிக்கப் பருத்தியை இங்கேயே விளைவிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி முயன்றது. தாவரவியலறிஞர் ராபர்ட் வைட் 1842 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கோயம்புத்தூரில் இச்சோதனைகளை நடத்தினார். அமெரிக்காவிலிருந்து தோட்டக்காரர்களும் வரவழைக்கப்பட்டனர். சோதனைத் திடலில் செடி வளர்ந்தது, ஊருக்குள் பரவவில்லை. மழையின் காலம் அதற்கு ஒத்துவரவில்லை என்பது ஒரு காரணம். நீண்ட இழைக்குக் கூடுதல் விலை தர உள்ளூர்ச் சந்தை ஆயத்தமாக இல்லை என்பது இன்னொரு காரணம். விலையில் வேறுபாடு இல்லாதபோது, கூடுதல் பாடுபட்டு நல்ல இழையை விளைவிக்க யார் முன்வருவர்?

இதே கேள்வியின் மறுபக்கம்தான் புளிச்சைப் பருத்தி. இழை குட்டை, முரடு. ஆனால் கொட்டை போகத் தேறும் பஞ்சு அதிகம். எடைக்குத்தான் காசு என்றிருந்த சந்தையில் புளிச்சை விளைவித்தவருக்கு நட்டமில்லை. கருங்கண்ணியோடு அதைக் கலந்த வணிகருக்கோ இலாபம். நட்டம் 'தின்னவேலி' என்ற பெயருக்குத்தான். கோயில்பட்டியில் 1901இல் தொடங்கிய பண்ணை கருங்கண்ணியில் நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியது. கலப்படத்தைத் தடுக்க 1932இல் சென்னைப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சம்சாரியின் பேராசையே தரத்தைக் கெடுத்ததாகச் சொல்வது எளிது. சந்தை எதை அளந்ததோ அதைத்தான் அவர் விளைவித்தார் என்பதே நம் துணிபு.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் கம்போடியா பருத்தி வந்து கணக்கை மாற்றியது. அமெரிக்க இனத்தைச் சேர்ந்த இது, கோவை வட்டாரத்தின் கிணற்றுப் பாசனத்தில் செழித்தது. விளைச்சல், பஞ்சு, இழை மூன்றிலும் நாட்டு வகைகளை விஞ்சியது. பக்கத்திலேயே நூற்பாலைகளும் பெருகின. ஆனால் தண்ணீர் இறைக்க வேண்டும், எரு இட வேண்டும். கூடவே தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் வந்து சேர்ந்தன. 1919ஆம் ஆண்டுப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ், பருவம் முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கியாக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. புழுவுக்கு உணவில்லாத ஓர் இடைவெளியை உண்டாக்குவதே அதன் நோக்கம். இந்தச் சிறு செய்தியை நினைவில் கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

1947 பிரிவினையில் நீண்ட இழைப் பருத்தி விளைந்த மேற்குப் பஞ்சாபும் சிந்துவும் பாகிஸ்தானுக்குப் போக, ஆலைகள் பெரும்பாலும் இந்தியாவில் நின்றன. நீண்ட இழை தேசியத் தேவையாயிற்று. கம்போடியாவையும் உகாண்டாவையும் கலந்து பிறந்த எம்.சி.யு. வரிசையில் 1968இல் வெளிவந்த எம்.சி.யு. 5 தமிழகத்தின் பெருமைக்குரிய வகையாயிற்று. 1974இல் கோவையில் உருவான சுவின் அதற்கும் ஒரு படி மேல். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் பெற்றோரின் பெயர்களை இணைத்த இப்பருத்தியில் நூறாம் நம்பருக்கு மேலும் நூற்கலாம். தரத்தில் இந்தியாவில் இதற்கு இணையில்லை. ஆயினும் பரப்பு சுருங்கிக்கொண்டே போயிற்று. பருவம் நீளமானது, பூச்சிக்கு எளிதில் இரையாவது, விளைச்சல் குறைவு. கிடைத்த கூடுதல் விலை இவற்றை ஈடுகட்டவில்லை. வைட் கண்ட பாடம் நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கிடைத்தது!

இதற்கிடையில் 1970இல் சூரத்தில் எச் 4, 1972இல் தார்வாடில் வரலட்சுமி என வீரிய ஒட்டு வகைகள் வந்தன. விளைச்சல் பெருகியது, ஆனால் ஒட்டுரகத்தின் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே பயிர் வராது. விதை ஆண்டுதோறும் கடையில் வாங்கும் பொருளாயிற்று. 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி இந்த ஒட்டுரகங்களின் மேல்தான் ஏறி வந்தது. தொடக்கத்தில் காய்ப்புழு அடங்கியது, மருந்துச் செலவு குறைந்தது. நாட்டின் சராசரிப் பஞ்சு விளைச்சல் எக்டேருக்கு 500 கிலோவைத் தாண்டியது. பிறகு அது அங்கே நிலைக்கவில்லை. பழைய இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பாற்றல் பெற்றுத் திரும்பியது. 2017இல் மகாராஷ்டிரத்தில் பேரிழப்பு நேர்ந்தது. அப்போது வல்லுநர்கள் சொன்ன அறிவுரைகளுள் ஒன்று, பயிரை நீட்டிக்காமல் பருவத்தில் முடித்துப் பருத்திமாரை அகற்றுங்கள் என்பது. 1919இன் ஆணையும் அதுதானே?

பழையதெல்லாம் பொன் என்று நாம் வாதிடவில்லை. கருங்கண்ணி விளைச்சலைக் கொண்டு இன்றைய ஆலைகளுக்குத் தீனி போட முடியாது. ஆனால் குட்டை இழை என்பதாலேயே அது தாழ்ந்ததும் அன்று. டாக்கா மஸ்லின் நாட்டுப் பருத்தியில்தான் கையால் நூற்கப்பட்டது. தரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இயந்திரத்தின் தேவையையே. விளைச்சலை ஒப்பிடும் அட்டவணைகளில் மழை பொய்த்த ஆண்டு ஒரு வரியாக வருவதில்லை. விதைக்கும் மருந்துக்கும் வாங்கிய கடனும் வருவதில்லை. மழை பொய்த்தால் கருங்கண்ணிக்காரருக்கு ஒரு பருவம் போகும். ஒட்டுரகக்காரருக்குப் பருவத்தோடு கடனும் மிஞ்சும்.

கரிசலில் இன்று சிலர் கருங்கண்ணியை மீண்டும் விதைக்கிறார்கள். அவர்களின் பஞ்சுக்கு அவர்கள் கேட்கும் விலையைத் தர ஆளிருந்தால் அது நிலைக்கும். இல்லையேல் சுவினின் வழியே போகும். எந்தப் பருத்தி நல்லது என்ற கேள்விக்கு விடை செடியில் மட்டும் இல்லை. தராசைப் பிடித்திருப்பவர் யார் என்பதிலும் இருக்கிறது.