துரைமாரின் தூண்டிலும் கூடை சுமந்தவர்களும்

போன டிசம்பர் நாங்கள் ஏழு பேர் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். எல்லாரும் அங்கே போறது உலக முடிவைப் பார்க்கத்தான், நாங்களும் அதுக்குத்தான் போனோம். விடியக்காலை குளிரில் பல்லுக் கிட்டித்தபடி நடந்து, பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் திரும்பி வந்தோம். வரும் வழியில் ஓர் ஓடையைக் கடந்தோம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில், அடியிலுள்ள கல் தெரியுமளவுக்குத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோழன் ஒருவன் அதில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ட்ரவுட் இருக்கும். எங்க தாத்தா துரைக்குக் கூடை தூக்கிட்டு வந்த ஆறு" என்றான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தவர்களுக்கு அது என்ன மீன் என்றே தெரியாது. துரை எதுக்கு ஆத்து மீன் பிடிக்க வந்தார், அதுக்கு ஏன் ஒரு ஆள் கூடை தூக்க வேணும் என்று கேட்டோம். அவனுக்கும் முழுசாகத் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தோம். இந்தக் கட்டுரை அப்படித்தான் வந்தது.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ட்ரவுட் இந்த நாட்டு மீன் இல்லை. குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த ஓட்டமான தண்ணீர் அதுக்கு வேணும். தண்ணீரின் வெப்பநிலை 20 பாகைக்கு மேலே போனால் தவிக்கத் தொடங்கிவிடும். நுவரெலியா, அம்பேவெல, ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களின் ஓடைகள் அதுக்குப் பொருத்தமானவை. கீழே பெரிய பெரிய நீர்வீழ்ச்சிகள் இருப்பதால் தாழ்நிலத்து மீன்கள் அவ்வளவு உயரத்துக்கு ஏறிப் போவதும் லேசில்லை. ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து வந்த தோட்டத்துரைமாருக்கு இது பெரிய மனக்குறை. ஊரில் இருக்கிற அதே குளிர், அதே மூட்டம், அதே ஓடை, ஆனால் ஓடைக்குள் அவர்கள் தேடின மீன் இல்லை.

அப்ப மீனைக் கொண்டுவருவதுதான் வழி. ஆனால் எப்படி? வெப்பமண்டலக் கடலைத் தாண்டி உயிர் மீனைக் கொண்டுவர முடியாது. அதனால் முட்டையாகக் கொண்டுவந்தார்கள். ட்ரவுட் முட்டை குளிரில் மெதுவாகத்தான் வளரும். ஐஸ் வைத்தால் குஞ்சு பொரிக்கும் நாளை வாரக்கணக்கில் தள்ளிப்போடலாம். 1864இல் 'நோர்ஃபோக்' என்ற கப்பலில் ஈரப்பாசிக்குள் முட்டைகளைப் பொதிந்து, ஐஸ்கட்டிகளுக்கு நடுவே வைத்து, இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியா வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அது சரிவந்த பிறகு பிரித்தானியர் ஆண்ட மலைநாடுகளுக்கெல்லாம் இந்தப் பெட்டிகள் போகத் தொடங்கின. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் இலங்கைக்கான பயணம் இன்னும் சுருங்கிப்போச்சு. 1880களின் தொடக்கத்தில் பழுப்பு ட்ரவுட் முட்டைகள் இங்கே வந்து சேர்ந்தன.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்றோம். மலைநாட்டு ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதுக்கு முதல் பல வருசம் நாவலப்பிட்டியோடு தண்டவாளம் முடிந்துவிடும். அங்கிருந்து நுவரெலியாவுக்கு றம்பொடைக் கணவாய் ஏறி, வண்டியிலோ தலைச்சுமையாகவோதான் சாமான் போகவேணும். ஐஸ் உருகுவதற்கு முதல் அந்த முட்டைப் பெட்டிகளை மேலே ஏற்றின கைகள் யாருடையவை என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அந்த வருசங்களில் மலைநாட்டில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது? கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் தலைகாட்டின இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து வருசத்துக்குள் கோப்பிப் பொருளாதாரத்தையே விழுத்திவிட்டது. 1884இல் ஒரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட, வேலையும் சம்பளமும் இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் வந்த வழியே திரும்ப நடந்தார்கள். அதே காலத்தில்தான் ஐஸ்பெட்டிக்குள் மீன்முட்டையும் மலையேறியது. துரைமார் எல்லாரும் மனம் இல்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களிலும் பலர் அப்ப கடனாளியானவர்கள்தான். ஆனாலும் ஒரு காலத்தின் கவலைகள் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பழுப்பு ட்ரவுட் இங்கே எதிர்பார்த்தபடி இனம்பெருகவில்லை. திரும்பத் திரும்ப முட்டை தருவித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிறகு, அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரவுட் வந்தது. கொஞ்சம் சூடு தாங்கும் இனம் அது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது.

இவ்வளவையும் தனி ஒரு ஆளால் செய்ய முடியாது. அதுக்குத்தான் 1890களில் இலங்கை மீன்பிடிக் கழகம் உருவானது. நுவரெலியாவில் ஏற்கெனவே 1876இலிருந்து ஹில் கிளப் இருந்தது. தோட்டத்துரையின் வாழ்க்கை தனிமையானது. பங்களாவுக்குப் பங்களா பல மைல் தூரம். நாள் முழுக்கத் தன் மொழி பேச ஒரு ஆள் கிடைக்காது. அதனால் கிளப் என்பது அவர்களுக்குக் குடிக்கிற இடம் மட்டுமில்லை. ஊர், கோயில், திண்ணை எல்லாம் அதுதான். மீன்பிடிக் கழகம் அந்தத் திண்ணையின் ஓடைக்கரைப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அது வெறும் பொழுதுபோக்குச் சங்கமும் இல்லை. முட்டையைப் பொரிக்க வைக்க ஒரு பொரிப்பகம் வேணும். ஓடிக்கொண்டே இருக்கிற குளிர்ந்த தண்ணீரில் தட்டுத்தட்டாக முட்டைகளை அடுக்கி, செத்துப்போன வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேணும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் போய்விடும். குஞ்சுகளைத் தண்ணீர்ப் பாத்திரங்களில் ஓடை ஓடையாகக் கொண்டுபோய் விடவேணும், போகிற வழியில் தண்ணீர் சூடாகாமலும் பார்க்க வேணும். இது பாதி விஞ்ஞானம், பாதி குழந்தை வளர்ப்பு. பிறகு இப்படியான கழகங்கள் எங்கும் வைத்திருக்கும் ஒழுங்குகள்: உரிமம், அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விடுதல், முட்டையிடும் காலத்தில் பிடிக்காமை, காவல்காரர், யார் எந்த ஓடையில் எத்தனை பிடித்தார் என்று எழுதும் புத்தகம். இங்கிலாந்தில் டெஸ்ட் ஆற்றங்கரையில் 1822இல் தொடங்கின ஹௌட்டன் கழகம் இப்படி எழுதிவைத்த குறிப்புகள் பின்னாளில் நூலாகவே வந்தன. மீனின் நிறை மட்டுமில்லாமல் அன்றைய காற்று, மழை, உறுப்பினரின் பகிடி எல்லாம் அதில் இருக்கு. நல்ல பழக்கம்தான். எங்கட சனசமூக நிலையங்கள் இப்படி எழுதி வைத்திருந்தால் எவ்வளவு வரலாறு மிஞ்சியிருக்கும் என்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம்.

அவர்கள் பிடித்த விதத்தையும் சொல்ல வேணும். மண்புழு கோத்துத் தூண்டில் போடுவது அவர்களுக்கு இழுக்கு. இறகாலும் உரோமத்தாலும் நூலாலும் செய்த பொய்ப்பூச்சியை, கனமான நூலின் வீச்சாலேயே தண்ணீரின் மேல் மெல்லமாக இறக்க வேணும். பூச்சிக்கு நிறை இல்லை, அதனால் வீசுவது நூலைத்தான். மணிக்கட்டுப் பழக்கம் வர வருசக்கணக்காகும் என்கிறார்கள். அந்தப் பூச்சி கட்டுவது ஒரு தனிக் கைவினை. தமிழ்நாட்டு மலைகளிலும் திரிகிற சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகு, மெழுகு பூசினது போன்ற புள்ளிகளுக்காக, ஐரோப்பிய மீன்பூச்சி கட்டுபவர்களிடம் பெரும் பெயர் பெற்றிருந்தது.

ஆங்கிலேயர் மீனுக்குள்ளும் சாதி வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் புதினமாக இருந்தது. சல்மனும் ட்ரவுட்டும் வேட்டைக்குரிய உயர்ந்த மீன்கள்; மற்ற நன்னீர் மீன்களெல்லாம் மட்டரகம் என்று பொருள்படும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். பிடிப்பவர்களும் அப்படியே பிரிந்தார்கள். உயர்ந்த மீனுக்குள்ளும் மேலே மிதக்கும் பூச்சியால் பிடிப்பது சரியா, தண்ணீருக்குள் மூழ்கும் பூச்சியால் பிடிப்பது சரியா என்று பல பத்தாண்டுகள் சண்டை. 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கழகம் அதுக்கென்றே ஒரு விவாதக் கூட்டம் நடத்தியது. அதுக்கு இரண்டு வருசம் கழித்து, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் சம்பளத்துக்காகப் போராடின தொழிலாளர்களில் கோவிந்தன் பொலிஸாரின் சூட்டில் செத்தார்.

தோட்டத் தொழிலாளிக்கும் அந்த ஓடைக்கும் என்ன உறவு? லயத்துக்குப் பக்கத்தால் ஓடுகிற தண்ணீரில் குளிக்கலாம், உடுப்புத் துவைக்கலாம். ஆனால் உரிமம் வாங்கினவனுக்கென்று வளர்த்த மீனை ஒரு பொடியன் புழு கோத்துப் பிடித்தால் அது களவு. 1921 வரை துண்டு முறை இருந்தது. துரை எழுதிக் கொடுக்கும் அந்தத் துண்டுக் கடதாசி இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. மனிசன் நகரவே துண்டு வேண்டியிருந்த இடத்தில் மீன் பிடிக்க உரிமம் என்பது எவ்வளவு தூரத்துக் கதை!

சாமுவேல் பேக்கர் ட்ரவுட் காலத்துக்கு முந்தியவர். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி மான்வேட்டை ஆடினவர். ஹோர்ட்டன் சமவெளி நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். 1850களில் அவர் எழுதின வேட்டைப் புத்தகத்தில் நாய்களுக்குப் பெயர் இருக்கு: ஸ்மட், கில்பக், பிரான், லீனா. ஒவ்வொன்றின் குணமும், அது செத்த விதமும் பாசத்தோடு எழுதப்பட்டிருக்கு. சாமான் தூக்கினவர்கள் பெரும்பாலும் 'கூலிகள்' மட்டும்தான். எங்கட தோழனின் தாத்தா எந்தத் துரையின் எந்தக் குறிப்பேட்டிலாவது இருப்பாரா என்று அவனே சிரித்தபடி கேட்டான். நாங்கள் சிரிக்கவில்லை.

இன்னொரு விசயம் எங்களை உண்மையிலேயே திகைக்க வைத்தது. நீலகிரியில் ட்ரவுட் வளர்க்க 1863இலேயே பிரான்சிஸ் டே என்பவர் முயன்று தோற்றார். அங்கே வானவில் ட்ரவுட் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான். அதுக்கு மீன் போன இடங்களில் ஒன்று இலங்கை. தமிழ்நாட்டிலிருந்து மனிதர்கள் மன்னார்க் காட்டு வழியால் நடந்து இந்த மலைக்கு வந்தார்கள். இந்த மலையிலிருந்து மீன் பத்திரமாக நீலகிரி மலைக்குப் போனது. மீனுக்கு ஐஸ் வைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததை எங்கட வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1948 பிரசாவுரிமைச் சட்டம், அடுத்த வருசம் வாக்குரிமை பறிபோனது, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று கணக்குப் போட்ட ஒப்பந்தம். அந்தக் காலத்தில் வானவில் ட்ரவுட் இந்த ஓடைகளில் பிறந்து, வளர்ந்து, பல தலைமுறை கண்டுவிட்டது. விஞ்ஞானிகள் அதை 'இங்கே நிலைபெற்றுவிட்ட இனம்' என்று எழுதினார்கள். அதே மலையில் பிறந்து பல தலைமுறை கண்ட மனிதர்களுக்கு நாடில்லை. மிச்சமிருந்தவர்களுக்கான குடியுரிமைச் சட்டம் வர 2003 ஆனது.

இதை எழுதிவிட்டு நாங்கள் ஒரு நல்ல உவமை கிடைத்த சந்தோசத்தில் இருந்தோம். எங்களில் விலங்கியல் படிக்கும் ஒருத்தி வந்து அதைக் குழப்பிவிட்டாள். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ஒரு சின்ன நன்னீர் இறால் இருக்கு, கரிடினா சிங்கலென்சிஸ் என்று பெயர். உலகத்தில் வேறெங்கும் இல்லை. ட்ரவுட்டுக்கு அது நல்ல தீன். 1988இல் தேசியப் பூங்காவான அந்த இடத்தில் இன்றைக்கு ட்ரவுட் ஒரு வேண்டாத வந்தேறி. "நீங்கள் மீனை மலையக மக்களோட ஒப்பிட்டா, நாளைக்கு ஒருத்தர் வந்தேறி இனத்தை அகற்ற வேணும் எண்டு சொல்லுவார். அப்ப என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. அந்தச் சொல்லை மனிதர்கள் மேல் எறிந்த மேடைகளை நாங்கள் அறிவோம். அதனால் உவமையை அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். மனிதர்களும் மீன்களும் ஒன்றில்லை. மீனை யார் கொண்டுவந்தார்கள், யாருக்காக, என்பதுதான் எங்கட கேள்வி.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேணும். 1873இல் ஜோசப் ஹுக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்ட வேண்டாம் என்று அரசுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், எங்களுக்குப் பார்க்க அந்த ஓடையே இருந்திருக்காது. மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் வந்தவர்களுக்கும் அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டிய தேவை இருந்தது. இன்றைக்கு மரக்கறித் தோட்டங்களின் உரமும் பூச்சிமருந்தும் கீழேயுள்ள ஓடைகளில் கலக்கும்போது, அதைக் கவனிக்க ஒரு கழகம்கூட இல்லையே என்று யோசனை வருகிறது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போயின, துரைமாரின் காலம் முடிந்தது. தோழனின் தாத்தா கூடை தூக்கினது அதுக்கு முதல், அவர் இளந்தாரியாக இருந்தபோது. அவர் இப்ப இல்லை. அம்மாச்சி இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் கேட்டான். மீன் எங்கே நிற்கும் என்று துரைக்குக் காட்டிக் கொடுக்கிறது தாத்தாதானாம். கல்லுக்குப் பின்னால், தண்ணி சுழிக்கிற இடம் பார்த்துக் கையால் சைகை காட்டுவாராம். பேசினால் மீன் ஓடிவிடும் என்று துரை சொல்லியிருந்தாராம். ஒருநாள் இரண்டு மீன் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அம்மாச்சி அதைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாராம்.

எப்படி இருந்தது என்று எல்லாரும் சேர்ந்து கேட்டோம்.

"என்னமோ சப்புன்னு இருந்திச்சுப்பா. கருவாட்டு ருசி வரல" என்றார் அம்மாச்சி.