குடை பிடித்தவன் யார்?

விசுவநத்தத்தில் நாட்காட்டி தொங்காத சுவரைக் காண்பது அரிது. அருகிலுள்ள சிவகாசியின் அச்சகங்கள் அனுப்பும் வண்ணப் படங்களில் சாமி படங்களே மிகுதி. இடையிடையே அயல்நாட்டு நகரங்களும் வந்து போகும். தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடும் ஒரு நகரத்தின் படம் சென்ற ஆண்டு என் வகுப்பறையில் தொங்கிற்று. "ஐயா, இந்த ஊரில் வேலை செய்கிறவர்கள் எங்கே?" என்று கேட்டான் ஒரு மாணவன். பட்டாசுக் கூடத்துக்குப் போய்வரும் தாயின் மகன் அல்லவா, கேட்காமல் இருப்பானா?

அந்தக் கேள்வி என்னை வேறோர் ஓவியத்தின்பால் இழுத்துச் சென்றது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த எண்ணெய் வண்ண ஓவியத்தை 1661ஆம் ஆண்டளவில் தீட்டியவர் ஆந்திரீஸ் பேக்மான். காட்டுவது பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. 1619இல் டச்சுக் கம்பெனியின் தலைவன் கூன், ஜயகர்த்தாவைத் தீக்கிரையாக்கி, அந்தச் சாம்பலின்மேல் எழுப்பிய நகரம். தாயகத்தை நினைவூட்ட வாய்க்கால்களையும் வெட்டுவித்தனர்.

ஓவியத்தில் ஆற்றுக்கு அப்பால் கோட்டை. இப்பால் தென்னை நிழலில் சந்தை. சீனரும் சாவகரும் கூடி நிற்க, டச்சு வணிகன் ஒருவன் ஆசிய மனைவியுடன் உலா வருகிறான். பின்னே ஓர் அடிமை குடை பிடிக்கிறான். கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் மாளிகைச் சுவரை அழகு செய்த ஓவியம் இது! முதலாளிகள் கோட்டையைக் கண்டு களித்திருப்பர். குடையைக் கண்டிருப்பரோ?

குடை பிடித்தவனுக்கு ஓவியத்தில் பெயர் இல்லை. ஆனால், பத்தாவியாவின் அடிமைகள் எங்கிருந்து வந்தனர் என்பதைக் கம்பெனியின் ஏடுகள் கூறுகின்றன: பாலி, செலிபிஸ், வங்கம், அரக்கான், மலையாளக் கரை, நம் சோழமண்டலக் கரை.

ஆம், தோழர்களே, நம் கரை! 1610 முதல் பழவேற்காட்டில் வேரூன்றிய டச்சுக்காரர், 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்தனர். அடுத்த ஆண்டே பிஜப்பூர்ப் படைகளின் சூறையாட்டம். தஞ்சைத் தரணியில் பஞ்சம். நெற்களஞ்சியத்தில் நெல் இல்லை. தன்னையே விற்றவர் உண்டு. பெற்ற பிள்ளையை விற்றவரும் உண்டு. 1659 முதல் 1661 வரை கம்பெனி வாங்கிய அடிமைகள் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர். பெரும்பாலோரை இலங்கைக்கு அனுப்பினர். ஒரு பகுதியினர் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் போயினர். பேக்மான் தூரிகை பிடித்ததும் ஏறத்தாழ அதே காலந்தான்.

அப்போது தஞ்சையை ஆண்டவர் விசயராகவ நாயக்கர். நாள்தோறும் பன்னீராயிரம் பார்ப்பனர்க்கு உணவளித்த பின்னரே அவர் உண்டார் என்று தெலுங்கு வரலாற்று நூலொன்று புகழ்மாலை சூட்டுகிறது. மிகைக் கூற்றே என்று தள்ளினாலும், எதைப் பெருமையாகக் கருதினர் என்பது தெரிகிறதே! அன்னதானப் பந்தியும் அடிமைக் கப்பலும் ஒரே நாட்டில், ஒரே ஆட்சியில். விற்கப்பட்டவனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் என்ன? தலையெழுத்து!

பத்தாவியாவின் வாய்க்கால்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் சேறும் நாற்றமுமாகி, வந்த வெள்ளையரையே காய்ச்சலுக்கு இரையாக்கின. கோட்டையை 1809இல் டச்சு ஆட்சியே இடித்தது. அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1860இல். இங்கே 1843இல் சட்டம் வந்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைகள் இன்றும் உள்ளன. தொல்லியல் துறை காத்து வருகிறது. பெயரும் ஆண்டும் செதுக்கிய கற்கள். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். கேள்வி கேட்ட அந்த மாணவன் இப்போதே பெயர் கொடுத்துவிட்டான்.