கிணற்றில் விழும் சிறுத்தைகள்: மேற்கு மகாராட்டிரத்தில் மீட்பின் வரலாறு

மகாராட்டிர மாநிலத்தின் புனே, அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்), நாசிக் மாவட்டங்களின் வேளாண் நிலங்களில் சிறுத்தைகள் பாசனக் கிணறுகளில் தவறி விழுவதும், அவற்றை வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து மீட்பதும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. தொடக்கத்தில் விலங்கை உயிருடன் வெளியே எடுத்தால் வேலை முடிந்தது என்று கருதப்பட்டது. எடுத்த விலங்கை எங்கே விடுவது என்பதே பெரிய கேள்வி என்பது பின்னர்தான் தெரியவந்தது. அந்தக் கேள்விக்கான விடை, மனித உயிர்களையும் பலிகொண்ட கசப்பான பட்டறிவின் வழியே கிடைத்தது.

பின்னணி

புனே நகருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி அமைந்துள்ளது சுன்னர் வட்டம். மராட்டிய மன்னர் சிவாஜி பிறந்த சிவனேரிக் கோட்டை இங்குதான் உள்ளது. மழை குறைந்த இப்பகுதியில் குக்கடி பாசனத் திட்டத்தின் கீழ் மாணிக்டோ, எட்காவ், வடஜ், திம்பே, பிம்பள்காவ் சோகே ஆகிய அணைகள் கட்டப்பட்டன. கால்வாய் நீரும் கிணற்று நீரும் கிடைத்ததால், புன்செய்ப் பயிர்கள் விளைந்த நிலங்களில் கரும்பு பரவியது.

கரும்புத் தோட்டம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஏறக்குறைய ஓராண்டு வெட்டப்படாமல் நிற்கும். உள்ளே நிழலும் ஈரமும் உண்டு. மனித நடமாட்டம் குறைவு. சுற்றியுள்ள ஊர்களில் நாய், ஆடு, கோழி, பன்றி ஆகியவை நிறைய உள்ளன. எனவே சிறுத்தைகள் இத்தோட்டங்களிலேயே தங்கிக் குட்டி ஈன்றன. இவற்றைக் காட்டிலிருந்து வழிதவறி வந்தவை என்று சொல்ல முடியாது. பல சிறுத்தைகள் வயல்வெளியிலேயே பிறந்து வளர்ந்தவை.

பாசனக் கிணறுகளில் பல, சுற்றுச்சுவர் இல்லாமல் தரைமட்டத்தில் வாய்திறந்து கிடப்பவை. இரவில் இரையைத் துரத்தும் சிறுத்தை இவற்றில் எளிதில் விழுந்துவிடும். சிறுத்தைக்கு நீந்தத் தெரியும். ஆனால் பிடிப்பில்லாத செங்குத்துச் சுவரில் அதனால் ஏற முடியாது. பிடித்துக்கொள்ள ஏதும் கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் களைத்து மூழ்கிவிடும்.

மீட்கும் முறை

கிணற்றில் விழுந்த சிறுத்தைக்கு முதலில் தேவைப்படுவது நிற்க ஓர் இடம். மரப்பலகையையோ கயிற்றுக்கட்டிலையோ வடத்தில் கட்டி இறக்கினால், விலங்கு அதன்மேல் ஏறி இளைப்பாறும். அதன்பின் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கதவு திறந்த பொறிக்கூண்டை இறக்கி, சிறுத்தை உள்ளே நுழைந்ததும் கதவை மூடி மேலே தூக்குவது. மற்றொன்று, நீண்ட ஏணியையோ கிளைகள் உள்ள மரத்தண்டையோ இறக்கிவிட்டு, மக்களை அகற்றி, இரவில் அது தானாகவே ஏறிச் செல்லக் காத்திருப்பது.

நீரில் இருக்கும் விலங்குக்கு மயக்க ஊசி செலுத்துவதில்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அது நீந்த முடியாமல் மூழ்கிவிடும். மீட்பவர்களுக்குப் பெரிய இடையூறாக இருப்பது கிணற்றைச் சூழும் கூட்டமே. கூச்சலிலும் கல்லெறியிலும் மிரண்ட சிறுத்தை வெளியே வந்ததும் எதிரில் நிற்பவர்மேல் பாயக்கூடும். எனவே கூட்டத்தை விலக்குவது மீட்புப் பணியின் முதற்படியாகக் கொள்ளப்படுகிறது.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் சிறுத்தை இடம்பெற்றுள்ளது. தோட்டம் தனியாருடையதாக இருந்தாலும் அங்குள்ள சிறுத்தையை உரிமையாளர் பிடிக்கவோ கொல்லவோ முடியாது. சிறுத்தையைக் கண்டதும் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இடமாற்றமும் அதன் விளைவும்

2001ஆம் ஆண்டளவில் சுன்னர் வனக்கோட்டத்தில் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, தொலைவிலுள்ள காடுகளில் விடும் பணி பெரிய அளவில் தொடங்கியது. விலங்கு தன் இயல்பான வாழிடமான காட்டுக்குச் செல்கிறது, ஊரும் அச்சமின்றி இருக்கும் என்று கருதியே இது செய்யப்பட்டது. ஆனால் விளைவு நேர்மாறாக அமைந்தது.

வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இடமாற்றத்துக்கு முன் சுன்னர் பகுதியில் மனிதர்கள்மீது ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள் நடந்தன. இடமாற்றம் நடந்த 2001–2003 காலத்தில் இது 17 ஆக உயர்ந்தது. உயிரிழப்பில் முடிந்த தாக்குதல்களின் விகிதமும் கூடியது.

இதற்கான காரணங்களும் விளக்கப்பட்டன. சிறுத்தை தன் எல்லையை நன்கறிந்த விலங்கு. பிடிபடும்போது ஏற்படும் காயமும் கூண்டில் அடைபட்ட அச்சமும் அதன் இயல்பைப் பாதிக்கின்றன. புதிய இடத்தில் ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் வாழ்கின்றன. எங்கே மறைவது, மனிதர்களை எப்படித் தவிர்ப்பது என்று தெரியாத நிலையில் அது ஊர்களினூடே அலைகிறது. பழைய இடமும் காலியாக இருப்பதில்லை. அங்கே வேறொரு சிறுத்தை வந்து குடியேறுகிறது.

அச்சோபாவின் பயணம்

இடமாற்றம் பயன் தராது என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்தியது ஓர் ஆண் சிறுத்தை. 2009இல் அகமதுநகர் மாவட்டத்தின் டாக்ளி டோகேசுவர் ஊரில் கிணற்றில் விழுந்த அது உயிருடன் மீட்கப்பட்டது. முதிர்ந்த விலங்கானதால் அச்சோபா என்று பெயரிட்டனர். மராத்தியில் இதற்குத் தாத்தா என்று பொருள். புவியிடங்காட்டிக் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்டு, மால்சேச் கணவாய்ப் பகுதிக் காட்டில் அது விடப்பட்டது.

அச்சோபா அங்கே தங்கவில்லை. கொங்கணச் சமவெளியில் இறங்கி, சாலைகளையும் இருப்புப்பாதையையும் வசாய் கழிமுகத்தையும் கடந்து, ஏறக்குறைய 120 கி.மீ. தொலைவிலுள்ள மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடைந்தது. வழிநெடுக மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் இருந்தும் எவரையும் தாக்கவில்லை. 2011 திசம்பரில் சாலையில் வாகனம் மோதி அது இறந்தது. இக்கதையை ஒட்டி 2014இல் 'அச்சோபா' என்ற மராத்தித் திரைப்படம் வெளிவந்தது; ஆய்வாளர் பாத்திரத்தில் ஊர்மிளா மடோண்கர் நடித்தார்.

கொள்கை மாற்றம்

நடுவண் சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் 2011 ஏப்ரலில் மனிதர்–சிறுத்தை முரண்பாடு குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கண்ணில் பட்டதற்காகவே சிறுத்தையைப் பிடிக்கக் கூடாது என்பதும், கிணற்றிலோ வீட்டிலோ சிக்கி மீட்கப்பட்ட நலமான விலங்கை அதே பகுதியில் விடவேண்டும் என்பதும் இன்று ஏற்கப்பட்ட நடைமுறைகள். கரும்பு வெட்டும்போது கிடைக்கும் குட்டிகளும் இவ்வாறே கையாளப்படுகின்றன. மருத்துவர் பார்த்தபின், கண்டெடுத்த இடத்திலேயே மாலையில் பெட்டியில் வைத்தால், இருட்டியபின் தாய் வந்து கவ்விச் செல்லும். காட்டுக்குத் திரும்ப இயலாத விலங்குகள் சுன்னருக்கு அருகிலுள்ள மாணிக்டோ சிறுத்தை மீட்பு மையத்தில் பராமரிக்கப்படுகின்றன.

சிறுத்தை கிணற்றில் விழாமல் தடுப்பதே எளிய தீர்வு. குசராத்தில் கிர் காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், சிங்கங்கள் விழுவதைத் தடுக்க ஆயிரக்கணக்கான திறந்த கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப்பட்டது. இதனால் விலங்குகளோடு இரவில் நீர்பாய்ச்சச் செல்லும் உழவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது.

ஊர்மக்களின் நிலை

இந்த வரலாற்றில் உழவர்கள் தரும் விலை சிறிதன்று. ஆட்டையும் கன்றையும் இழப்பவர்கள் அவர்களே. பிள்ளையை இழந்த குடும்பங்களும் உண்டு. கால்நடை இழப்புக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. இரவில் ஆடுகளை அடைப்புள்ள தொழுவத்தில் கட்டுவதும், வீட்டைச் சுற்றிக் குப்பை சேராமல் பார்த்து நாய்க்கூட்டத்தைக் குறைப்பதும், இருட்டியபின் குழந்தைகளைத் தனியே விடாமலிருப்பதும் ஆபத்தைக் குறைக்கின்றன. வார்லி, மகாதேவ் கோலி முதலிய மக்கள் பெரும்பூனைகளை 'வாகோபா' என்ற தெய்வமாக நெடுங்காலமாக வழிபட்டு வருகின்றனர். சிறுத்தையோடு ஒரே நிலத்தில் வாழ்வது அவர்களுக்குப் புதிதல்ல.