சாளரத்துக்கு வெளியே நின்ற சிறுவர்கள்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஐரோப்பியர் ஒருவர் காலடி வைத்தால், அவரை முதலில் சூழ்ந்துகொண்டவர்கள் சிறுவர்களே. அந்நாளில் அவ்வூர் வீடுகளின் சாளரங்களில் கண்ணாடி இல்லை, காகிதமே ஒட்டப்பட்டிருந்தது. விரலை நனைத்து அதில் துளையிட்டு, உள்ளே தங்கியிருக்கும் அந்நியர் எப்படி உண்கிறார், எப்படி எழுதுகிறார் என்று உற்றுநோக்கிய கண்களைப் பற்றி அக்காலப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். உயர்ந்த மூக்கும், வெளிறிய கண்களும், அடர்ந்த தாடியும் அச்சிறுவர்களுக்குத் தீராத வியப்பைத் தந்தன.

ஆனால் அதே வாய்களிலிருந்து 'யாங் குவெய்சு' என்ற கூவலும் எழுந்தது. 'கடல் கடந்து வந்த பேய்' என்பது அதன் பொருள். வியப்பு குழந்தைகளுடன் பிறந்தது. அச்சொல்லையோ பெரியவர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்று சொல்லிச் சோறூட்டிய நம் பாட்டிமாரை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

பெரியவர்களின் அச்சத்துக்குக் காரணங்கள் இருந்தன. இருமுறை நடந்த அபினிப் போர்களில் சீனா தோற்றது. 1858, 1860 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளே உள்நாடெங்கும் செல்லும் உரிமையை மறைப்பணியாளர்களுக்கு அளித்தன. நற்செய்தி பீரங்கிகளின் நிழலில் வந்தது என்ற கசப்பான உண்மையை நாம் மறைக்கலாகாது.

அந்த அச்சம் 1870 ஜூன் 21 அன்று தியான்ஜின் நகரில் இரத்தமாக வெடித்தது. அங்கே அருள்சகோதரிகள் அநாதைக் குழந்தைகளையும் இறக்கும் தறுவாயிலிருந்த குழந்தைகளையும் ஏற்றுப் பேணிவந்தனர். நோயால் பல குழந்தைகள் இறந்தபோது, கண்களையும் இதயங்களையும் எடுத்து மருந்து செய்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. பிரெஞ்சுத் தூதர் துப்பாக்கியால் சுட்டதும் கலவரம் மூண்டது. பத்து அருள்சகோதரிகள் உள்ளிட்ட பலர் கொல்லப்பட்டனர். ஆலயம் எரிக்கப்பட்டது.

இத்தகைய காலத்தில்தான், 1879 இல், தென் தீரோல் மலைச்சிற்றூரான ஓயெசில் பிறந்த இளங்குரு யோசேப்பு ஃபிரைநாதெமெட்ஸ் ஹாங்காங்கில் வந்திறங்கினார். பின்னர் அவர் சென்ற தென் ஷாண்டோங் பகுதியில் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். கிறிஸ்தவர்களோ 158 பேர் மட்டுமே. தொடக்கத்தில் அவரும் சீனரை ஐரோப்பியக் கண்களாலேயே அளந்தார். காகிதத் துளையின் இருபுறமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத பார்வைதான்.

அதை மாற்றியது காலமும் உடனிருப்பும். அவர் சீன உடை அணிந்தார். சீன மொழியைக் கற்றார். ஊர் ஊராக நடந்தார். மக்களுக்கென்று சீனத்திலேயே மறைக்கல்வி நூல் எழுதினார். வசைகளும் அடிகளும் பெற்றபோதும் அம்மக்களை விட்டு விலகவில்லை. மெல்ல மெல்ல மக்கள் அவரை 'ஃபூ ஷென்ஃபூ' என்று அழைத்தனர். 'ஷென்ஃபூ' என்றால் குருவானவர். 'ஃபூ' என்றால் நற்பேறு. பேய் என்று கூவிய மண்ணிலேயே அவர் நற்பேறான அடிகளானார். 1908 ஜனவரி 28 அன்று, நோயுற்றோருக்குப் பணி செய்கையில் தொற்றிய கொடுங்காய்ச்சலால் அவர் அங்கேயே இறந்தார். 2003 அக்டோபர் 5 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பு பெற்றோரே, குழந்தை அந்நியரை உற்றுநோக்குவது பகையால் அன்று. 'இவர் யார்?' என்று அதன் கண்கள் கேட்கின்றன. அக்கேள்விக்குப் பெரியவர்கள் தரும் சொல்லே பிற்காலத்தில் கல்லாகவும் ஆகலாம், வரவேற்பாகவும் ஆகலாம்.

பிற நாட்டில் வாழும் நம்மையும் பேருந்தில், பள்ளி வாசலில் சிறு கண்கள் உற்றுநோக்குகின்றன. முகம் திருப்பாமல் புன்னகைத்து மறுமொழி கூறுவோம். அதுபோலவே, நாளை வேறொரு நாட்டிலிருந்து புதிய குடும்பம் ஒன்று நம் தெருவில் குடியேறும்போது நம் பிள்ளைகள் சாளரத்தோரம் நின்று பார்ப்பார்கள். அவ்வேளையில் நம் வாயிலிருந்து என்ன சொல் புறப்படுகிறது என்பதைக் கவனிப்போம். அதையே அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.